நின்றுகொண்டு தின்றது கணக்கில்லை

அந்தத் தெருவில் எல்லாரையும்விட அதிகமாக விரதம் இருப்பவர் அய்யாசாமி. எல்லாரையும்விடப் பருத்தவரும் அவரே. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன என்பது, மைசூர் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவுக்கு நெடுநாளைய வேடிக்கை.

கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் என்று எதையும் அவர் விட்டதில்லை. பட்டறையில் வெல்டர் வேலை. பூர்வீகம் ஹனூர்ப் பக்கம். நெற்றி நிறையத் திருநீறு பூசி, சட்டையின் கடைசிப் பொத்தானுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்து, அவர் தெருவில் நடந்து வரும்போது பார்க்கிறவர்களுக்குக் கும்பிடவும் தோன்றும், சிரிக்கவும் தோன்றும்.

"நீ எத்தனை பட்டினி கெடந்தாலும் உன்ற உடம்பு எளைக்காதுன்னு முருகன் இவருக்கு வரங் குடுத்துட்டாருங்க" என்பார் மாதப்பன். அவரும் பட்டறைக்காரர், தெருக்கோடியில் இருந்த சின்ன முருகன் கோயிலின் கமிட்டித் தலைவர்.

அய்யாசாமி கோபித்துக்கொள்ள மாட்டார். பங்குனி உத்திரத்தன்று சாமுண்டி மலை அடிவாரம்வரை போய்த் திரும்பும் காவடிகளில் முதல் காவடி அவருடையது. விரதத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் தெருவே கொடுத்த மரியாதை அது.

விரதத்துக்கு அந்தத் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சோறு கூடாது, அது முதல் விதி. கேட்டு வாங்கக் கூடாது, அது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம்: உட்கார்ந்து இலை போட்டால்தான் சாப்பாடு, நின்றுகொண்டு வாயில் போட்டது கணக்கில்லை. இதற்குத் துணையாக இன்னொரு நம்பிக்கையும் உண்டு. விரதம் இருப்பவருக்கு யார் பலகாரம் கொடுக்கிறார்களோ, அவர்களுக்கு அந்த விரதத்தின் புண்ணியத்தில் பாதி வந்து சேரும். அய்யாசாமியின் விரதமோ பெரிய விரதம். அதில் பாதி யாருக்குத்தான் வேண்டாம்? ஆகவே கிருத்திகை வந்தால் அவர் பட்டினி கிடப்பார். தெரு அவரை நிற்க வைத்து ஊட்டும். இதில் யாருடைய மனத்திலும் கள்ளம் இல்லை. அன்பு அளவு பார்க்காது என்பது மட்டும்தான் இதில் தவறு.

தை மாதத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் அனுப்ரியா அவர் வீட்டுக்கு வந்தாள். அதே தெருவில் இருக்கும் ஃபிட்டர் சேகரனின் மகள். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் துறையில் மேல்படிப்பு. டாக்டர் ஆன பிறகும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக அடுக்களைக்குள் நுழைந்து சரசுவிடம் காபி கேட்கிற பெண்.

"மாமா, ஒரு உதவி வேணும். ஒரு நாள் பட்டினி இருக்கணும்."

"இதென்ன அம்மிணி, மீனைக் கூப்பிட்டு நீந்தச் சொல்றே?"

அவள் விளக்கினாள். பட்டினி கிடக்கும்போது உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் எப்படிக் கூடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு சாதாரண நாளிலும் ஒரு பட்டினி நாளிலும் ரத்தம் எடுத்து, பெங்களூருக்கு அனுப்பி அளந்து பார்க்க வேண்டும். ஒல்லியானவர்கள் போதுமான அளவு கிடைத்துவிட்டார்கள். பருமனான ஆள் ஒருவராவது வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"ஹாஸ்டல் பசங்க ஒரு வேளை மெஸ்ஸை விட மாட்டேங்கிறாங்க மாமா. ஆள் கிடைக்கலைன்னா தீசிஸ் முடியாது. இந்த வருஷம் பரீட்சையும் எழுத முடியாது."

"வளர்ச்சி ஹார்மோனா?" அய்யாசாமி யோசித்தார். "இந்த வயசுல நான் இன்னும் வளர்ந்தா வாசக்கால்ல தலை இடிக்குமே."

சரசு காபியோடு வந்தாள். "மேல வளர மாட்டீங்க, பயப்படாதீங்க. உங்களுக்கு எடமெல்லாம் பக்கவாட்டுலதான் இருக்குது."

"பேருதான் அப்படி அத்தை" என்று சிரித்தாள் அனுப்ரியா. "சின்ன வயசுல அது எலும்பை வளர்க்கும். பெரியவங்களுக்கு அதுக்கு வேற வேலையும் இருக்கு. நாம சாப்பிடாம இருந்தா மூளைக்கு அடியில இருக்கிற சின்னச் சுரப்பி அதை அதிகமா விடும். உள்ள சேத்து வெச்சிருக்கிற கொழுப்பை எடுத்துச் செலவு பண்ணுன்னு உடம்புக்குச் சொல்லும். அதே சமயம், சதையைக் கரைக்காதேன்னும் தடுக்கும்."

"அட, நல்ல மருமக மாதிரின்னு சொல்லு" என்றாள் சரசு. "மழை இல்லாத வருசம் நெல்லுக் குதிரைத் தொறந்து தானியம் எடுத்துக் குடுப்பா. ஆனா அடுப்பெரிக்க ஊட்டு உத்தரத்தை வெட்ட உட மாட்டா."

"அதேதான் அத்தை!"

அய்யாசாமி தம் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அப்ப இந்தக் குதிரும் கரையுமா அம்மிணி?"

"ஒரு நாள்ல கரையாது மாமா. ஹார்மோன் மட்டும் தனியாக் கரைக்கவும் கரைக்காது. வாயும் ஒத்துழைக்கணும்."

"அவரு வாயி யாரு கூடவும் ஒத்துழைக்குமே" என்றாள் சரசு.

தை கிருத்திகை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். சாயங்காலம் கல்லூரிக்கு வந்து படுத்துக்கொள்ள வேண்டும்.

"தண்ணி மட்டும், மாமா. மறந்துடாதீங்க."

"நீ சொல்லாட்டியும் அன்னிக்கு எனக்கு விரதந்தான். முப்பது வருசமா இருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பியிருந்தார்.

தை கிருத்திகையன்று விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, பட்டறைக்குக் கிளம்பினார். சரசு அவல் பாயசம் ஒரு டம்ளர் நீட்டினாள். "வெறும் வயித்தோட நெருப்புக்கு முன்னால நிக்கப் போறீங்க." அவர் தயங்கினார். தண்ணீர் மட்டும் என்று அந்தப் பெண் சொன்னாளே? ஆனால் பாயசமும் ஊற்றிக் குடிப்பதுதானே. நின்றபடியே குடித்தார்.

அடுத்த வீட்டு வாசலில் மல்லம்மா காத்திருந்தாள். அவள் கன்னடக்காரி, இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். தமிழர் தெருவில் இருந்து இருந்து, இரண்டு பாஷையையும் பாலும் தண்ணீருமாகக் கலந்து பேசுவாள். "அண்ணா, இன்னிக்கு உபவாசா தானே? ஸ்வல்ப ஹாலு, சக்கரை போட்டிருக்கேன். வேண்டாம்னு சொல்லப்படாது." பாலும் ஊற்றிக் குடிப்பதுதான். குடித்தார்.

மத்தியானம் மாதப்பன் கோயிலிலிருந்து பஞ்சாமிர்தமும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்தார். அது பிரசாதம். பிரசாதத்தை மறுத்தால் விரதமே பாவமாகிவிடும். சாயங்காலம் வேலை விட்டு வரும் வழியில் பஞ்சவர்ணம் தன் தள்ளுவண்டியிலிருந்து கூப்பிட்டாள். "மொத ஈட்டு உளுந்து வடைங்கண்ணா. இன்னும் யாருக்கும் குடுக்கலே. இதுல அரிசி துளிகூட இல்லீங்க." பாயசத்துக்கும் பாலுக்கும் பழத்துக்கும் காரணம் கண்டுபிடித்தவர், வடைக்குக் காரணம் தேடவே இல்லை. வடை நன்றாக இருந்தது.

பிறகு கல்லூரிக்குப் போய்க் கட்டிலில் படுத்தார். கையில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, விட்டு விட்டுப் பல தடவை ரத்தம் எடுத்தாள் அனுப்ரியா. அந்த ஹார்மோன் அலை அலையாக வருமாம். ஒரு தடவை எடுத்தால் ஏமாற்றிவிடுமாம்.

"பசிக்குதா மாமா?"

"பழகிப்போச்சு அம்மிணி" என்றார் அய்யாசாமி, முழு மனத்தோடு.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அனுப்ரியா ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் வந்தாள். கையில் இனிப்புப் பொட்டலம். அய்யாசாமி வீட்டு வாசலில் மாதப்பன் கோயில் விஷயம் பேசிக்கொண்டிருந்தார். மல்லம்மா பால் பாத்திரத்தோடு நின்றாள். பஞ்சவர்ணம் வண்டியை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தவள், இனிப்பைக் கண்டு நின்றுவிட்டாள்.

"மாமா, ரிசல்ட் வந்தாச்சு! மத்த எல்லாருக்கும் பட்டினி அன்னிக்கு ஹார்மோன் எகிறியிருக்கு. உங்களுக்கு மட்டும் அசையவே இல்ல. அப்படியே தரையில கிடக்கு!"

"ஐயோ, அது கெட்டதா?" என்றாள் சரசு.

"இல்ல அத்தை, அதிசயம்! உடம்பு பெருத்தவங்களுக்கு இது கொஞ்சமாத்தான் ஏறும்னு புஸ்தகத்துலயே இருக்கு. ஆனா ஒரு சொட்டுகூட ஏறாத ஆளு மாமாதான். மாமாவைப் பத்தி தீசிஸ்ல தனி அத்தியாயம் எழுதச் சொல்லிட்டாரு எங்க பேராசிரியர் சார். திங்கக்கிழமை பெங்களூர் மாநாட்டுக்குக் கட்டுரையும் அனுப்பறாரு."

மாதப்பன் கைதட்டினார். "நாஞ் சொன்னேன்ல? முருகன் குடுத்த வரம்னு!"

"அய்யோ தேவரே, என் சாமியே, நம்ம அண்ணா பேரு பெங்களூருக்குப் போகுதா!" என்றாள் மல்லம்மா.

அய்யாசாமி வெட்கத்தோடு சிரித்தார். தம் விரதத்துக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்லிவிட்டது என்றே நினைத்தார்.

அனுப்ரியா உற்சாகத்தில் மேலும் சொன்னாள்: "வேற ஆளா இருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன். திருட்டுத்தனமா ஏதோ தின்னுட்டாங்கன்னு சந்தேகப்பட்டிருப்பேன். ஒரு டம்ளர் சர்க்கரைப் பால் போதும், ஹார்மோன் ஏறாமப் படுத்துடும். ஒரு வாழைப்பழம் போதும். இவரு அய்யாசாமி மாமா ஆச்சேன்னுதான் சார்கிட்ட அடிச்சுச் சொன்னேன்."

மல்லம்மா கையிலிருந்த பால் பாத்திரத்தைப் பார்த்தாள். மாதப்பனின் கைகள் தட்டுவதை நிறுத்தின. பஞ்சவர்ணம் திடீரென்று அடுப்பை ஊத ஆரம்பித்தாள்; அடுப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. சரசு உள்ளே போய்விட்டாள்.

"ஏன் எல்லாரும் அமைதியாயிட்டீங்க? ஸ்வீட் எடுத்துக்குங்க" என்றாள் அனுப்ரியா.

அய்யாசாமி ஒரு துண்டை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சரசு கொடுத்த காபி ஆறிப்போய்க் கிடந்தது.

"ஏனுங்க, இன்னிக்கு என்ன விரதம்?"

"சரசு, நான் அன்னிக்கு விரதம் இருந்தேனா, இல்லியா?"

அவள் முந்தானையால் டம்ளரைத் துடைத்தாள். ஏற்கெனவே அதைத் துடைத்தாயிற்று.

"அந்தப் புள்ள என்னை நம்பி மேடைல ஏறப் போவுது" என்றார் அய்யாசாமி. "யாராச்சும் ஒருத்தன் கேட்டான்னா, அய்யாசாமி மாமா அப்படிப்பட்டவரு இல்லீன்னு சொல்லும். பொய்யின்னு தெரியாமயே சொல்லும். பொறவு அது தெரிஞ்சா, அதோட படிப்பே போயிடும். நான் சொன்னா என்ற பேரு போவும், காவடி போவும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றாள் சரசு. "காவடிதான் கனம், ரெண்டு வருசமா மூச்சு வாங்குது உங்களுக்கு. போயிட்டு வாங்க." பிறகு, அவர் வாசலைத் தாண்டும்போது, "நானும் வர்றேன். பாயசம் நாந்தானே குடுத்தேன்" என்று கூடவே கிளம்பினாள்.

சேகரன் வீட்டு வாசலுக்கு வந்தபோது அய்யாசாமி நின்றுவிட்டார். வாசலில் செருப்புகள். ஒரு ஜோடி மல்லம்மாவின் ரப்பர் செருப்பு. ஓரத்தில் சாணி காய்ந்திருந்தது. பட்டறைத் தோலில் தைத்த பெரிய ஜோடி மாதப்பனுடையது. வார் அறுந்து ஊக்குப் போட்ட செருப்பு பஞ்சவர்ணத்துடையது.

உள்ளே மல்லம்மாவின் குரல் கேட்டது. "நான்தான் டாக்டரம்மா. அண்ணா பேடா பேடா, வேண்டாம் வேண்டாம்னாரு. நான்தான் பிடிச்சு நிறுத்தி ஹாலு குடுத்தேன். சக்கரை ரெண்டு ஸ்பூன். அவர்மேல தப்பு இல்ல."

"நீ குடுத்த பாலு என்னம்மா பாலு, நா குடுத்தது வாழைப்பழம். ரெண்டு!" என்றார் மாதப்பன். "கமிட்டித் தலைவரு குடுத்தா அவரு எப்படிங்க வேண்டாம்பாரு? தப்பு என்னுது."

"பாலும் பழமும் சாமிக்குப் படைக்கறது, சாமி மன்னிச்சுக்கும். நான் குடுத்தது வடை!" என்று அழுதாள் பஞ்சவர்ணம். "எண்ணெய்ல பொரிச்ச வடை. நாந்தான் அந்த ஹார்மோனைக் கொன்னுட்டேன்."

சில வாரத்துக்கு முன்னால் புண்ணியத்தில் ஆளுக்குப் பாதி கேட்டவர்கள், இப்போது பாவத்தை ஆளுக்கு முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அய்யாசாமி உள்ளே நுழைந்தார். எல்லாரும் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

"அம்மிணி" என்றார் அவர். "இவிங்க குடுத்தாங்க. வாயி என்னுது. நீ தண்ணி மட்டும்னு சொன்னது என்ற காதுல நல்லாத்தான் விழுந்துச்சு. பேராசிரியர்கிட்ட நானே வந்து சொல்லிடறேன். காவடியையும் மாதப்பனே வேற யாருக்காச்சும் குடுத்துடட்டும்."

அனுப்ரியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று மலர்ந்திருந்த முகம் இன்று சின்னதாகிவிட்டது. தனி அத்தியாயம் போயிற்று. மாநாடு போயிற்று. பருமனான ஆள் ஒருவரும் இல்லாமல் தீசிஸும் போகலாம்.

"மொத்தம் என்னென்ன மாமா சாப்பிட்டீங்க அன்னிக்கு?" என்று கேட்டாள் கடைசியில்.

அவர் விரல் விட்டுச் சொன்னார். அவல் பாயசத்தில் ஆரம்பித்து வடைக்கு வரும்போது அவள் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று சரசு பக்கத்தில் போனாள். அவள் சிரித்துவிட்டாள்.

"இதுக்குப் பேரு விரதமா மாமா? எங்க ஹாஸ்டல் மெஸ்ல விசேஷ நாள்லகூட இவ்வளவு போட மாட்டாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள், அய்யாசாமியும்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப காவடி என்னாகும்?" என்று மெதுவாகக் கேட்டாள் சரசு.

மாதப்பன் தலையைச் சொறிந்தார். "அவரு விரதத்தை முறிச்சவனே நானுங்க. நானே எப்படிங்க அவருக்குத் தண்டனை குடுக்கறது? கமிட்டி இதைப் பத்திப் பேசாது."

திங்கட்கிழமை காலை அய்யாசாமி வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு அனுப்ரியாவோடு கல்லூரிக்குப் போனார். பேராசிரியர் லிங்கப்பன் கொள்ளேகால்காரர். கோபக்காரர் என்று மாணவர்களிடம் பெயர் வாங்கியவர். மாநாட்டுக்கான கவர் ஒட்டித் தயாராக மேசைமேல் இருந்தது. அய்யாசாமி நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"உங்க பேச்சை நம்பி நான் பெங்களூர்ல என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா?"

"தெரியாதுங்க. அதனாலதான் வந்தேன்."

"பாலுல சர்க்கரை எத்தனை?"

"ரெண்டு ஸ்பூனுங்க."

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. திரும்பியபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சிவராத்திரி அன்னைக்கு எங்க அம்மாவும் இப்படித்தான். எங்களை உபவாசம் இருக்க வெச்சுட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது கொண்டுவந்து நீட்டுவாங்க. இது உணவு இல்லடா, இது அன்புடாம்பாங்க." ஒட்டிய கவரை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "அனுப்ரியா, அடுத்த தடவை பெங்களூருக்கு ரத்தம் போறதுக்குள்ள இன்னொரு நாள் எடு. அந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் அப்படியே எழுது. நேரத்துக்கு வரலைன்னா பரீட்சை அடுத்த தடவைதான்."

மாசிக் கிருத்திகை வந்தது. அய்யாசாமியின் முப்பது வருட விரத வாழ்க்கையில் அதுதான் முதல் விரதம்.

தெரு அன்று தன் அன்பை வேறு மாதிரி காட்ட வேண்டியிருந்தது. அது அவர்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. மல்லம்மா பால் ஊற்றப் போகும்போது அவர் வீட்டைத் தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பஞ்சவர்ணம் வண்டியை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே வாடிக்கை இல்லாமல் வடை மிஞ்சிப்போயிற்று. மாதப்பன் பட்டறையில் தம் சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கொட்டகையின் பின்னால் போய்த் தின்றார். சரசு வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. தானும் தண்ணீர் மட்டும் குடித்தாள், யாரிடமும் சொல்லாமல்.

மத்தியானத்துக்கு மேல் அய்யாசாமிக்கு முதல் தடவையாகப் பசித்தது. வயிறு கேட்டது, பிறகு கெஞ்சியது, பிறகு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது. முருகா என்று சொன்னபோது, அந்த ஒரு வார்த்தை அதுவரை இல்லாத எடையோடு நெஞ்சிலிருந்து வந்தது.

கல்லூரியில் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிரே பெரியாஸ்பத்திரி மதிலோரம் நோயாளிகளின் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் ஒரு பன்னைப் பிய்த்துப் பெரிய துண்டைப் பக்கத்திலிருந்த கிழவிக்குக் கொடுத்துவிட்டுத் தான் சின்னதை வைத்துக்கொண்டாள்.

"பசிக்குதா மாமா?" என்று குழாயைச் சரிசெய்தபடி கேட்டாள் அனுப்ரியா.

"பசிக்குது அம்மிணி" என்றார் அவர். "அவிங்க எந்தச் சாமிக்கு விரதம் இருக்காங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அடுத்த ஊசிக்குழலை எடுத்தாள்.

கடைசி ரத்தம் எடுத்து முடித்துக் கதவைத் திறந்தால், வராந்தாவில் தெருவே நின்றது. மல்லம்மாவிடம் பால் செம்பு, மாதப்பனிடம் பழச் சீப்பு, பஞ்சவர்ணத்திடம் மிஞ்சிப்போன வடை ஒரு கூடை, சரசுவிடம் ரசஞ்சோறு.

"இப்பக் குடுக்கலாமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் மல்லம்மா, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி.

"இப்பக் குடுக்கலாம். ஆனா கொஞ்சமா."

அய்யாசாமி வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்டார். பாலையும் பழத்தையும் வடையையும் பார்த்தார். "நீங்க கோவிச்சுக்காட்டி ஒண்ணு சொல்றேன்" என்று மதிலைக் கை காட்டினார். மாதப்பன்தான் முதலில் சீப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பஞ்சவர்ணம் பின்னால் போனாள். "அங்க போனா பாதிப் புண்ணியம் வருமான்னு தெரியலீங்களே" என்று மாதப்பனைச் சீண்டிக்கொண்டே போனாள்.

"முழுசும் உனக்கே வெச்சுக்க, எனக்கு வேண்டாம். கூடையை நேராப் புடி."

பெங்களூரிலிருந்து கணக்கு வந்தது. அய்யாசாமியின் ஹார்மோன் ஏறியிருந்தது. ஒல்லியானவர்களுக்கு ஏறியதில் பாதிகூட இல்லை; ஆனாலும் ஏறியிருந்தது. அதிசயம் ஒன்றும் இல்லை. புத்தகத்தில் சொல்லியிருந்தபடியேதான் வந்தது. அனுப்ரியா அதை அப்படியே எழுதினாள். தை கிருத்திகையின் கணக்கை ஏன் தள்ளினாள் என்பதையும், பாயசம் முதல் வடை வரை மறைக்காமல் எழுதினாள்.

பங்குனி உத்திரத்துக்கு அய்யாசாமிதான் முதல் காவடி எடுத்தார். மூச்சு கொஞ்சம் குறைவாக வாங்கியது. அதற்குப் பிறகு அவருடைய விரதங்கள் எண்ணிக்கையில் குறைந்தன. உள்ளே கனம் கூடின. மாதாமாதம் கிருத்திகையன்று தெரு அவருக்குக் கொடுக்க நினைத்ததெல்லாம் மதிலோரம் போயிற்று. அவர் வயிறு ஒரேயடியாகக் கரைந்துவிடவில்லை. ஆனால் ஒரு நாள் சட்டையின் கடைசிப் பொத்தான் வேலைக்குத் திரும்பியது.

"பாருங்கடி, கொழுப்பு குறைஞ்சிருச்சு" என்று தெருவுக்கே காட்டினாள் சரசு. "இனி வாய்க்கொழுப்பு ஒண்ணுதான் பாக்கி. அது எனக்குத் தேவை, இருக்கட்டும்."

மழைக்காலத்தில் அனுப்ரியா பரீட்சையில் தேறினாள். நேர்முகத் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் கேட்டாராம்: "இந்த ஆள் இரண்டாவது தடவையும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?" அவள், "இந்தத் தடவை கொடுக்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும் சார்" என்றாளாம். பேராசிரியர் லிங்கப்பன் அப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

பைண்டு செய்த தீசிஸை எடுத்துக்கொண்டு அவள் தெருவுக்கு வந்தாள். எல்லாரும் அய்யாசாமி வீட்டு வாசலில் கூடினார்கள். முதல் பக்கத்து நன்றியுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினாள்: அம்மாவுக்கும் அப்பாவுக்கும், பேராசிரியருக்கும், பிறகு பால், பழம், வடை, பாயசம் ஆகியவற்றை ஒரு நாள் முழுக்கக் கொடுக்காமல் இருந்த மல்லம்மா, மாதப்பன், பஞ்சவர்ணம், சரசு ஆகியோருக்கும்.

"குடுக்காததுக்கெல்லாமா நன்றி சொல்லுவாங்க?" என்றாள் பஞ்சவர்ணம், நம்பாமல்.

"குடுக்கறதைவிட அது எத்தனை கஷ்டம்னு உனக்குத் தெரியாதா?" என்றார் மாதப்பன்.

சரசு மைசூர்பாகு தட்டோடு வந்தாள். முதல் துண்டை அய்யாசாமியிடம் நீட்டினாள். அவர் வாசல்படி ஓரம் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டியவர், ஏதோ நினைவுக்கு வந்தாற்போல் நிறுத்தினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். நன்றாக உட்கார்ந்த பிறகு அதை வாங்கித் தின்றார்.